வஞ்சிரக் கதவு

இளமாறனை உட்காரச் சொல்லிச் சலித்துப்போனவர்கள் பம்மலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவன் வழக்கமாகப் போகும் டீக்கடையில் பெஞ்சு உண்டு, நின்றுகொண்டேதான் குடிப்பான். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று சிலரைச் சொல்கிறோம். அவர்களுக்கெல்லாம் என்றைக்காவது அந்த வெந்நீர் ஆறும். இவனுக்கு ஆறியதே இல்லை.

பிழைப்பிலும் அப்படித்தான். தோல் பதனிடும் இடத்தில் சேர்ந்தான், நாற்றம் பிடிக்கவில்லை என்று விட்டான். கூரியர் பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் அலைந்தான். தண்ணீர் கேன் போட்டான். கேபிள் இழுத்தான். கடைசியில் கூடுவாஞ்சேரியில் ஒரு மரக்கடையில் கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் சிஎன்சி மெஷின் ஓடுவதைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பலகையை மேடையில் இறுக்கி வைத்தால் போதும், மேலே ஒரு மோட்டார், வாயில் சுழலும் பிட் என்கிற வெட்டுமுனையோடு இங்கும் அங்கும் ஓடிப் பூவையும் மயிலையும் குடைந்து எடுத்தது. அந்த மோட்டாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தனக்கு ஏற்ற ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

ஆறு வருஷமாகச் சொந்த மெஷின். கீழே பட்டறை, மேலே வீடு. மனைவி ஜெயப்ரியா அவனுடைய அத்தை மகள். அவனை மாமா என்பாள், நீ என்பாள். கம்ப்யூட்டர் பக்கம் அவள் ராஜ்ஜியம். எந்த பிட், எங்கே தொடங்கி, எவ்வளவு ஆழத்தில், எந்தச் சாய்வில் ஓட வேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பது அவள். தொழிலில் அதற்கு டூல்பாத் என்று பெயர். பலகையை இறுக்குவது, பிட் மாட்டுவது, மெஷினைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பது எல்லாம் அவன். நிற்பான் என்பது பேச்சுக்குத்தான். வலது பக்கம் போய்ப் பார்ப்பான், இடது பக்கம் வருவான், தூசியை ஊதுவான், வாசலுக்குப் போவான், திரும்பி வருவான்.

இந்தப் பழக்கம் ஒன்றரை வருஷமாக அவனுக்கு வேறு விதத்தில் கைகொடுத்து வந்தது. அவனுக்குக் கண் பார்வை சுருங்கிக்கொண்டிருந்தது.

நேரே பார்த்தால் தெரியும். பக்கங்கள்தான் போய்க்கொண்டிருந்தன, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. வெளிச்சம் குறைந்தால் அந்தக் குழாயும் மங்கும். தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினான். இது பிறவியிலேயே உள்ள கோளாறு, மெதுவாகத்தான் போகும், திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, வண்டி ஓட்டாதீர்கள், மெஷின் வேலையை யோசித்துச் செய்யுங்கள் என்றார் அவர். அதோடு விட்டிருக்கலாம். இனிமேல் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். இளமாறன் பாதிப் பேச்சிலேயே எழுந்து வந்தான்.

வீட்டில் கண்ணாடி பவர் மாறியிருக்கிறது என்று சொன்னான். பைக் மைலேஜ் கொடுக்கவில்லை என்று மச்சானுக்குக் கொடுத்தான். நடந்தால் சுகர் வராது என்று ஷேர் ஆட்டோ வரைக்கும் நடந்தான். வழியில் தள்ளுவண்டியில் இடித்தால், எப்போதும் பறக்கிற ஆள்தானே என்று ஜனங்கள் சிரித்தார்கள். சும்மா இருக்கிறவன் தடுமாறினால் ஏன் என்று கேட்பார்கள். பறக்கிறவன் தடுமாறினால் யார் கேட்கப்போகிறார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவன் மறைத்துக்கொண்டிருந்தான், அல்லது மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பயம் இருட்டைப் பற்றி அல்ல. தெரிந்துவிட்டால் உட்காரவைத்துவிடுவார்கள் என்பதுதான் பயம். மெஷினுக்கு வேறு ஆள் வருவான், இவனுக்கு வாசலில் ஒரு ஸ்டூல் போடுவார்கள், வருகிறவர்கள் எல்லாரும் கையைப் பிடித்து நலம் விசாரிப்பார்கள். அந்த ஸ்டூலை நினைத்தாலே அவனுக்கு மூச்சு முட்டியது. ராத்திரி படுத்தால் புரண்டான். பகலில் முன்னைவிட இரண்டு மடங்கு அலைந்தான்.

இதற்கு நடுவில் ஜெயப்ரியாவின் போக்கு வேறு அவனுக்குப் பிடிக்காமல் போனது. நன்றாக எரிந்த டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு, மின்னுகிறது என்று சொல்லிப் புதிதாக நான்கு விளக்கு போட்டாள். இது பட்டறையா கல்யாண மண்டபமா என்று கேட்டான். வருஷக்கணக்காக நடைவழியில் இருந்த தண்ணீர் டிரம்மைக் கொல்லைப்புறம் தள்ளினாள். எல்லாவற்றையும்விட மோசம், அவள் போடுகிற டூல்பாத். முன்பெல்லாம் ஒரு வேலைக்கு மூன்று பிட். முதலில் தடித்த சப்பை முனை பிட் போட்டுக் கழிவு மரத்தையெல்லாம் வாரித் தள்ளுவது; அப்புறம் உருண்டை முனை பிட் போட்டு, தலை வாருவதுபோல வரிவரியாக ஓடவிட்டு வளைவுகளை எடுப்பது; கடைசியில் ஊசி முனையால் நுணுக்கம். பாதி நாளில் வேலை முடிந்துவிடும். இப்போது அவள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கூம்பு பிட்டைத்தான் போட்டாள். அடி தடித்து முனை மெலிந்த பிட் அது. மொத்த வேலையும் அதிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு நாள் ஓடியது.

தேங்காயை ஊசியால் குத்தி உடைக்கிறாயே என்று கத்தினான் இளமாறன். ஒரே பிட் என்றால் ஜாயின்ட் தெரியாது, ஃபினிஷிங் நன்றாக வரும் என்றாள் அவள். அந்த இரண்டு நாளும் மெஷின் பக்கத்தில் அவன் கூண்டில் அடைத்த நாய்போல் சுற்றிச் சுற்றி வந்தான்.

தாமோதரன் வந்தது அந்தச் சமயத்தில்தான். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் படகு வைத்திருக்கிறவர். மனைவி காந்தா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். இரண்டு பேருமாகக் கடலையும் கூடையையும் நம்பிக் கட்டிய வீடு முடிகிற நிலையில் இருந்தது, வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வாசற்கதவின் நடுவில் பதிக்க ஒரு தேக்குப் பலகை கொண்டுவந்தார். இடித்த பழைய கட்டடத்திலிருந்து கிடைத்தது, இரண்டு அங்குலத் தடிமன், ஒரே துண்டு, ரேகை அலை அலையாக ஓடியது. இந்த மாதிரி இன்னொன்று கிடைக்காது தம்பி என்று அவர் சொன்னது இளமாறனுக்கும் தெரிந்ததுதான்.

பலகையில் கடல் வேண்டும், கடலில் மீன் வேண்டும். ஜெயப்ரியா முதலில் ஒரு படம் காட்டினாள். தாமோதரன் பார்த்துவிட்டு, இது கண்ணாடித் தொட்டி மீன், இதை வைத்தால் குப்பத்தில் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்றார். காந்தா மறுநாளே ஐஸ் பெட்டியில் ஒரு வஞ்சிரம், ஒரு வவ்வால், இரண்டு சங்கராவோடு வந்து கம்ப்யூட்டர் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஜெயப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தாள். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு. வரைந்து முடித்தபோது வஞ்சிரம் வஞ்சிரமாகவே இருந்தது, வாலுக்குக் கிட்டே இருக்கிற குட்டிச் சிறகுகள் உட்பட.

எந்த வழிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒப்பிடுவதற்காக ஜெயப்ரியா முதலில் பழையபடி மூன்று பிட் வழி ஒன்று போட்டுப் பார்த்திருந்தாள். ஓட்டுவதற்கென்று போட்டது வழக்கம்போல ஒரே பிட், இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை காலையில் பலகையை மேடையில் இறுக்கிவிட்டு, பத்து மணிக்கு ஆரம்பிக்கலாம், நான் பல்லாவரம் போய் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினாள்.

அவள் தெருமுனை தாண்டியிருக்கமாட்டாள், தாமோதரன் வந்து நின்றார். ஆசாரி நாளைக்கே கதவுக்கு வருகிறான், பலகை இன்றைக்குள் கிடைக்குமா என்று கேட்டார். இல்லை, நாளை சாயந்தரம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் இளமாறனுக்கு இரண்டு நாள் கூண்டை நினைத்ததும் உடம்பெல்லாம் பரபரத்தது. மதியத்துக்குள் முடித்துத் தருகிறேன் பாருங்கள் என்றான். மூன்று பிட் வழியை மெஷினில் ஏற்றினான்.

முதல் பிட் குறையில்லாமல் ஓடியது. சப்பை முனை பலகையைக் குடைந்து, மீன்கள் இருக்க வேண்டிய இடத்தில் மொக்கையான மேடுகளை விட்டுவிட்டு நின்றது. தேக்குத் தூளின் வாசம் பட்டறை முழுக்க. அவனுக்குப் பழைய தெம்பு வந்தது. தோளை ஆட்டிக்கொண்டு, பிட் மாற்றுவதற்குமுன் தூசி அடங்கட்டும் என்று வாசலுக்குப் போய் நின்றான்.

பிட்டுகளுக்காக அவனே துளை போட்டுச் செய்த மரக்கட்டை ஒன்று, ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று பிட்டுகளோடு, மெஷின் ஓரத்தில் இருந்தது. இடமிருந்து வலமாக இது இது இன்னது என்று அவன் கைக்குத் தெரியும். அவன் வாசலில் நின்ற நேரத்தில் தாமோதரன் அந்தக் கட்டையருகே போய், இதில் எதுதான் என் வஞ்சிரத்தை வெட்டப்போகிறது என்கிற ஆசையில் நாலைந்தை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார். இளமாறனுக்கு அது பக்கவாட்டில் நடந்தது. பக்கவாட்டில் நடப்பது எதுவும் அவனுக்கு இப்போது நடப்பதில்லை.

திரும்பி வந்தவன், உருண்டை முனை இருக்க வேண்டிய மூன்றாம் துளையிலிருந்து பிட்டை எடுத்தான். வழக்கமாகக் கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்துப் பார்ப்பான். உருண்டை என்றால் வழுக்கும், சப்பை என்றால் கவ்வும். விளக்கடியில் நேராகப் பிடித்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது நகத்தில் தடவுவது, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவது எல்லாம் குருடன் வேலைபோல இருக்கும் என்று அவனுக்குக் கூச்சம். பார்க்காமலே எடுத்தான், பார்க்காமலே மாட்டினான், இறுக்கினான். கைவேகத்தைப் பார்த்துத் தாமோதரன் சொக்கிப்போனார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. இருவரும் வாசலில் டீ குடித்தார்கள். உள்ளே சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. மரத்தில் கணு இருக்கும் என்று நினைத்தான். உள்ளே போய்க் குனிந்து பார்த்தான். பறக்கிற தூளும் ஆடுகிற நிழலும்தான் தெரிந்தன. கணுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தான். மறுபடி உள்ளே போனான். நிறுத்திப் பார்த்துவிடலாமா என்று கை போனது. நிறுத்தினால் ஏன் என்று அவர் கேட்பார். கையை எடுத்துக்கொண்டான்.

ஜெயப்ரியா தெருவில் வரும்போதே சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். கையிலிருந்த பையை வாசலில் போட்டாள், தக்காளி உருண்டது. நேரே ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அடித்தாள். பட்டறை சட்டென்று அமைதியானது. தூளை ஊதினாள்.

"வஞ்சரத்துக்குப் படிக்கட்டு கட்டுனா மாதிரி கீதே," என்றார் தாமோதரன்.

அப்படித்தான் இருந்தது. உருண்டை முனைக்காகப் போட்ட வழியில் சப்பை முனை ஓடினால், வளைவு வளைவாக வராது. ஓரங்கள் உள்ளே இறங்கிப் படிப்படியாகக் கொத்திவிடும். வஞ்சிரத்தின் முதுகு முழுக்கப் படி. வவ்வாலின் பாதி அதே கதி. இன்னொன்று கிடைக்காத பலகை.

இளமாறன் விரலால் தடவினான். அவனுக்கு விரல் சொல்லிவிட்டது. ஜெயப்ரியா பிட்டைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

தாமோதரனுக்கு எதுவோ உறைத்தது. மரக்கட்டையையே பார்த்தவர், குற்றம் செய்தவர்போல் தலையைச் சொறிந்தார். "நான்தாம்மா அதெல்லாம் எடுத்துப் பாத்துகினு இருந்தேன். இடம் மாத்தி வெச்சுட்டேன் போல கீது. தப்பு என்னோடதுதான்."

தப்பிக்க ஒரு கதவு தானாகத் திறந்தது. ஆமாண்ணா, நீங்கள் ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குற்றம் அவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவரே மனதார வாங்கிக்கொள்வார். கண் விஷயம் கண்ணுக்குள்ளேயே கிடக்கும். நாளைக்கும் இளமாறன் நிற்பான், நடப்பான், பறப்பான். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

ஆனால் அந்த மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற விதம் அவனை என்னவோ செய்தது. தன் வீட்டுக் கதவு பாழானதற்குத் தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"இல்லண்ணா. மாறி இருந்தாலும், கண்ணு தெரியறவன் மாட்டும்போது பாத்திருப்பான். எனக்குத் தெரியல," என்றான் இளமாறன். "ஒன்றர வருசமாவே சரியா தெரியல."

பிட் கழற்றும் ஸ்பானரை எடுத்து எதற்கோ துடைத்தான். தாமோதரன் அவனையும் ஜெயப்ரியாவையும் மாறிமாறிப் பார்த்தார். ஜெயப்ரியாதான் முதலில் பேசினாள். பலகையில் தடிமன் மிச்சம் இருக்கிறது, மொத்தக் கடலையும் இரண்டு மில்லி கீழே இறக்கி முதலிலிருந்து ஓட்டினால் படி எல்லாம் அழிந்துபோகும், மீனுக்கு ஒரு குறையும் வராது, ஆனால் நாளை சாயந்தரம் ஆகிவிடும் என்றாள். ஆசாரியை வியாழக்கிழமை வரச் சொல்கிறேன் என்றார் தாமோதரன். போகும்போது இளமாறனின் தோளைத் தொட்டு, கடலில் பனி இறங்கினால் எங்களுக்கும் இதே கதிதான், காதை வைத்துத்தான் கரை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயப்ரியா உருண்ட தக்காளிகளைப் பொறுக்கினாள். இளமாறன் அவள் பின்னாலேயே நடந்தான்.

"உனக்கு எப்போலேந்து தெரியும்?" என்றான். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லாததை, தாமதமாகவாவது அவன் கவனித்திருந்தான்.

பைக்கை என்றைக்குக் கொடுத்தாயோ அன்றைக்கே சந்தேகம் வந்தது என்றாள். நடைவழி டிரம்மில் இடித்துக்கொண்டு, இடிக்காதவன்போல் விசிலடித்துக்கொண்டே போனாயே, அன்றைக்கு உறுதியாகிவிட்டது. அதனால்தான் டிரம் போனது. அதனால்தான் விளக்கு வந்தது.

ஒவ்வொன்றுக்கும் தான் கத்திய கத்தல் அவனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. தேங்காய், ஊசி, கல்யாண மண்டபம். முகம் சுட்டது. அப்படியானால் அந்தக் கூம்பு பிட், இரண்டு நாள் வேலை?

"தெரிஞ்சுகினு ஏன் சொல்லல?" என்று கேட்டான். கோபமாகக் கேட்க நினைத்தான், குரல் இறங்கிப்போய் வந்தது. "வேற ஆள் போட்டு என்ன உக்கார வெச்சிருக்கலாமே."

"உக்கார வெக்கணும்னா அன்னிக்கே சொல்லிருப்பேன் மாமா," என்றாள் ஜெயப்ரியா. "பிட்டு மாத்தற எடத்துலதான் நீ மாட்டிக்குவ. அதான் மாத்தாமயே ஓடற மாதிரி போட்டேன். நீ மிசினாண்ட நிக்கணும்னுதான் போட்டேன்."

இளமாறன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். தன்னை அடைத்துவைக்கத்தான் அவள் வேலையை இரண்டு நாளுக்கு இழுக்கிறாள் என்று இத்தனை மாதமாக மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சித் தூசியின் மேல் பழி போட்டான். அவள் நம்பியதுபோல் இருந்தாள்.

கூம்பு பிட்டை அவனே எடுத்தான். இந்தத் தடவை விளக்கடியில் பிடித்து நேராகப் பார்த்தான், நகத்திலும் வைத்துப் பார்த்தான், அவள் எதிரிலேயே. மாட்டினான். இரண்டு மில்லி கீழே இறக்கி வைத்தாள் அவள். ஓட்டு என்றாள். பட்டனை அவன் தட்டினான்.

பிட் மெல்ல இறங்கி, ரேகைக்குச் சாய்வாக முதல் வரியை எடுத்தது. சத்தம் சீராக இருந்தது. நாளை சாயந்தரம் வரைக்கும் இதே சத்தம்தான். இளமாறன் வலது பக்கம் போனான், இடது பக்கம் வந்தான், மேடைமேல் கை வைத்து அதிர்வைப் பார்த்தான், மறுபடி வலது பக்கம் போனான்.

ஜெயப்ரியா மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, சுவரோரமாகப் போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். பட்டறையில் இன்னொரு ஸ்டூலும் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.